செவியை உறுத்தும் சொற்கள்

அன்றாடப் பேச்சில் கேட்பவருக்கு எரிச்சலூட்டும் சொற்களில் பெரும்பாலானவை கெட்ட வார்த்தைகள் அல்ல. வசைச்சொல் கோபத்தை மூட்டும். அதற்கான காரணமும் வெளிப்படையானது. ஆனால் 'ஆக்சுவலா', 'பாத்தீங்கன்னா', 'பார்க்கலாம்', 'என்பது குறிப்பிடத்தக்கது', 'அப்புறம், விசேஷம் ஏதும் உண்டா?' போன்றவற்றில் வசை எதுவும் இல்லை. அகராதியில் தேடினால் எந்தக் குற்றமும் தென்படாது. இருந்தும் இவற்றில் ஏதேனும் ஒன்று காதில் விழுந்ததும் பல்லைக் கடிப்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். இந்த உறுத்தலை மொழியியலும் உளவியலும் கடந்த சில பத்தாண்டுகளில் கவனமாக ஆராய்ந்துள்ளன. சொல்லின் ஓசையைவிட, அந்தச் சொல்லைக் கொண்டு பேசுபவர் கேட்பவரிடம் என்ன செய்கிறார் என்பதுதான் எரிச்சலின் வேர் என்று அந்த ஆய்வுகள் காட்டுகின்றன.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள லேக் சுப்பீரியர் ஸ்டேட் பல்கலைக்கழகம், 1976 முதல் ஒவ்வொரு புத்தாண்டிலும் ஒழித்துக்கட்ட வேண்டிய சொற்கள் என்று ஒரு பட்டியல் வெளியிடுகிறது. நியூயார்க் மாநிலத்தின் மாரிஸ்ட் கல்லூரி 2009-இல் நடத்திய கருத்துக்கணிப்பில், உரையாடலில் அதிகம் எரிச்சலூட்டும் சொல் 'வாட்எவர்' என்று 47 விழுக்காட்டினர் கூறினர். அடுத்து வந்த பல ஆண்டுகளிலும் அந்தச் சொல்லே முதலிடத்தில் இருந்தது. தமிழில் அதற்கு நேரான இடத்தில் 'என்னமோ போ', 'ஏதோ ஒண்ணு' என்பவை நிற்கின்றன. மூன்றுக்கும் வேலை ஒன்றே: எதிரே இருப்பவர் பொருட்படுத்திச் சொன்ன ஒன்றை, பதில் சொல்லும் தகுதிகூட இல்லாததாக ஒதுக்கித் தள்ளுவது.

ஓசைதான் காரணம் என்று பலரும் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையைச் சோதிக்க ஆங்கிலத்தில் ஒரு நல்ல வாய்ப்பு கிடைத்தது. ஈரப்பதத்தைக் குறிக்கும் 'மாய்ஸ்ட்' என்ற சொல்லைக் கேட்டாலே உடம்பு கூசுகிறது என்பவர்கள் அங்கே ஏராளம். ஓபர்லின் கல்லூரியின் உளவியலாளர் பால் திபோடோ இதை ஆராய்ந்து 2016-இல் முடிவுகளை வெளியிட்டார். ஐந்தில் ஒருவர் முதல் பத்தில் ஒருவர் வரை அந்தச் சொல்லை வெறுத்தனர். காரணம் கேட்டபோது பலர் ஓசையைக் குறை கூறினர். ஆனால் அதே ஓசையில் முடியும் 'ஹாய்ஸ்ட்', 'ஃபாய்ஸ்ட்' ஆகிய சொற்கள் அவர்களுக்கு எந்தக் கூச்சத்தையும் தரவில்லை. உடற்கழிவு, வியர்வை, சளி போன்றவற்றைப் பற்றிய சொற்களில் அருவருப்பு மிகுந்தவர்களே இந்தச் சொல்லையும் வெறுத்தனர். கேக்கைப் பற்றிய பேச்சில் அது வந்தபோது வெறுப்பு குறைந்தது. அவர்கள் ஓசையின் மேல் போட்ட பழி உண்மையில் பொருளுக்கு உரியது.

பொருள் பற்றிய இந்த அச்சத்தைத் தமிழர் வீடுகள் நெடுங்காலமாக அறிந்திருக்கின்றன. வெளியே கிளம்புபவர் 'போறேன்' என்றால் வீட்டில் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். 'போயிட்டு வரேன்' என்றே சொல்ல வேண்டும். புறப்படுபவரைப் பார்த்து 'எங்கே?' என்று கேட்டால் போகிற காரியம் கெடும் என்பதால், 'தூரமா?' என்று கேட்கும் வழக்கம் வந்தது. விளக்கை 'அணைப்பது' இல்லை, 'குளிர வைப்பது'. சாமி விளக்கு அணைந்தால் 'மலையேறிவிட்டது'. அரிசி தீர்ந்த பானையைக் காட்டி 'இல்லை' என்று சொல்லாமல் 'நிறைஞ்சிருக்கு' என்பவர்களும் உண்டு. இலக்கண நூலார் இதற்கு மங்கலம் என்றும், அவையில் சொல்லத் தகாததை மறைத்துச் சொல்வதற்கு இடக்கரடக்கல் என்றும் பெயர் வைத்து, தகுதி வழக்கின் கீழ் அடக்கினர். மங்கலத்துக்கு அவர்கள் காட்டும் பழைய எடுத்துக்காட்டு, கருநிற ஆட்டையும் 'வெள்ளாடு' என்பது. மாய்ஸ்ட் ஆய்வு கண்டதும் தமிழ் மரபு கண்டதும் ஒரே இடத்தில் சேர்கின்றன: சொல்லை அது குறிக்கும் பொருளிலிருந்து பிரித்துக் கேட்க மனிதருக்கு எளிதில் முடிவதில்லை.

இத்தகைய சொற்கள் சிலருக்கு மட்டுமே கூசும். பெரும்பாலோரை உறுத்துவது வேறு ஒரு கூட்டம்: பேச்சின் நடுவே பொருளின்றித் திரும்பத் திரும்ப வரும் நிரப்புச்சொற்கள். இணையத்தில் சமையல் சொல்லிக்கொடுப்பவர் ஒருவரின் பேச்சு இப்படி இருக்கும்: 'இப்ப பாத்தீங்கன்னா, வெங்காயம் வந்து நல்லா வதங்கிடுச்சு. இதுல வந்து பாத்தீங்கன்னா, நம்ம என்ன பண்ணப் போறோம்னா, தக்காளியை ஆட் பண்ணிக்கப் போறோம்.' இதில் செய்தி என்று இருப்பது இரண்டு: வெங்காயம் வதங்கிவிட்டது, தக்காளி சேர்க்க வேண்டும். மீதியெல்லாம் வேறு பணி செய்கின்றன. 'பாத்தீங்கன்னா' என்பது 'பார்த்தீர்கள் என்றால்' என்ற நிபந்தனைத் தொடராகப் பிறந்தது. 'உள்ளே பாத்தீங்கன்னா ஒரு அறை இருக்கும்' என்னும்போது அதில் உண்மையான பார்வை இருந்தது. பிறகு 'கவனியுங்கள்' என்ற பொருளுக்கு நகர்ந்து, இப்போது வாக்கியத்தின் முதல் படியாக மட்டும் எஞ்சியிருக்கிறது. 'வந்து' கதையும் இதுதான். 'அவர் வந்து ஒரு டாக்டர்' என்பதில் யாரும் எங்கிருந்தும் வரவில்லை. யாரைப் பற்றிய பேச்சு என்பதை ஒரு பக்கமும், அவரைப் பற்றிய செய்தியை மறுபக்கமும் நிறுத்தி, நடுவில் ஒரு நொடி மூச்சுவிட இடம் தருகிறது.

அந்த ஒரு நொடிக்கு இவ்வளவு தேவை ஏன்? உரையாடலில் ஒருவர் முடித்ததும் மற்றவர் தொடங்குவதற்கு இடையே உள்ள இடைவெளியை, தான்யா ஸ்டைவர்ஸ் தலைமையிலான குழு உலகின் 10 மொழிகளில் அளந்து 2009-இல் வெளியிட்டது. சராசரி இடைவெளி சுமார் 200 மில்லிவினாடி, அதாவது ஒரு வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு. ஆனால் ஒரு படத்தைப் பார்த்து அதன் பெயரை, ஒரே ஒரு சொல்லை, வாயால் சொல்வதற்கே மூளைக்கு ஏறத்தாழ 600 மில்லிவினாடி வேண்டும். முழு வாக்கியம் என்றால் இன்னும் அதிகம். கேட்பவர் காத்திருக்கிறார், அவர் குறுக்கே புகுந்துவிடலாம், சொல்ல வேண்டியதோ இன்னும் உருவாகவில்லை. பேசும் வாய்ப்பைக் கைவிடாமல் நேரம் வாங்க, யோசிக்காமலே வாயில் வரும் ஒரு சொல் தேவைப்படுகிறது. 'வந்து', 'அதாவது', 'என்ன சொல்றதுன்னா', 'ஆக்சுவலா', 'பேசிக்கலி' எல்லாம் அப்படி வாங்கிய நேரம்.

இவை வெறும் குப்பையும் அல்ல. ஆங்கிலத்தின் 'அ', 'அம்' ஆகிய இழுப்பொலிகளை ஆராய்ந்த ஹெர்பர்ட் கிளார்க்கும் ஜீன் ஃபாக்ஸ் ட்ரீயும் 2002-இல், முதலாவது சிறு தாமதத்தையும் இரண்டாவது நீண்ட தாமதத்தையும் கேட்பவருக்கு முன்கூட்டியே தெரிவிப்பதாகக் காட்டினர். பேசுபவர் தயங்கினால், அடுத்து வரப்போவது புதிய அல்லது கடினமான ஒன்று என்று கேட்பவரின் மூளை தயாராகிறது. 2007-இல் மார்ட்டின் கார்லியும் உடன் பணியாற்றியவர்களும் செய்த சோதனையில், இழுப்பொலிக்குப் பின் வந்த சொற்களைக் கேட்டவர்கள் பிறகு நன்றாக நினைவில் வைத்திருந்தனர். அளவோடு வரும் தயக்கம் கேட்பவருக்கு உதவுகிறது. எல்லா வாக்கியத்திலும் வந்தால் அந்த அறிவிப்புக்குப் பொருள் போய்விடுகிறது. ஒவ்வொரு முறையும் கவனத்தைத் திரட்டி ஏமாறுகிறது மனம். 'பாத்தீங்கன்னா' உறுத்தத் தொடங்குவது அந்த ஏமாற்றத்தில்தான்.

நிரப்புச்சொல் இக்காலச் சீரழிவு என்ற குற்றச்சாட்டைத் தமிழ் இலக்கணமே மறுக்கிறது. தனிப்பொருள் இன்றி நிற்கும் சொற்களுக்குத் தொல்காப்பியம் இடையியலில் இடம் ஒதுக்கி, அசைநிலை என்றும் இசைநிறை என்றும் பெயர் சூட்டியது. நன்னூல் அவற்றை எங்கும் வருவன, முன்னிலையில் மட்டும் வருவன என்று பிரித்துப் பட்டியலிட்டது. முன்னிலை அசைகளில் ஒன்று 'வாழிய'. வாழ்த்தாகப் பிறந்த சொல் பொருள் தேய்ந்து, கேட்பவரைத் தொட்டுப் பேசும் அசையாக நின்றது. பழைய உரைகளில் 'காண்' என்பதற்கு முன்னிலை அசை என்று குறிப்பு எழுதியிருப்பதை அடிக்கடி காணலாம். 'காண்' என்ற அசைக்கும் 'பாத்தீங்கன்னா' என்பதற்கும் நடுவே பல நூற்றாண்டுகள் இருந்தாலும், பார் என்னும் பொருளுள்ள ஒரு வினை, கேட்பவரின் கவனத்தை இழுக்கும் அசையாகத் தேய்ந்த பாதை ஒன்றே.

இன்னும் வியப்பானது 'போலும்'. உவமை எதுவும் இல்லாத இடத்திலும் 'போல' என்பது உரையசையாக வருவதை 'ஒப்பில் போலி' என்ற பெயரிட்டுத் தொல்காப்பியம் குறித்துவைத்தது. ஒப்புமை இல்லாத போலி. இன்றைய இளைஞர் பேச்சில் 'மாதிரி' வருவது அப்படித்தான்: 'ஒரு மாதிரி பயமா இருந்துச்சு', 'கிளம்பலாம்ங்கிற மாதிரி இருந்தேன்'. ஆங்கிலத்தில் அதே வேலையைச் செய்யும் 'லைக்' என்ற சொல், இளம்பெண்களின் கெட்ட பழக்கம் என்று ஏளனம் செய்யப்படுகிறது. கனடாவின் மொழியியலாளர் அலெக்ஸாண்ட்ரா டார்சி 2007-இல் வெளியிட்ட ஆய்வில், வயதானவர்களும் ஆண்களும்கூட அதைப் பயன்படுத்துவதைத் தரவுகளோடு காட்டினார். தமிழ் இலக்கணம் இதைக் குற்றம் என்று தள்ளாமல், வழக்கில் உள்ள ஒன்று என்று பெயரிட்டுப் பதிந்தது. அந்த நிதானம் பெரிது. மிகையைக் குற்றம் என்று சொல்லவும் மரபு தயங்கவில்லை. நன்னூல் கூறும் பத்துக் குற்றங்களில் மிகைபடக் கூறல், கூறியது கூறல், நின்று பயனின்மை ஆகியவை இடம்பெறுகின்றன. 1975-இல் அச்சான கட்டுரையில் மெய்யியலாளர் பால் கிரைஸ், உரையாடல் ஒத்துழைப்பின் மேல் நடப்பது என்றும், தேவையான அளவு, உண்மை, பொருத்தம், தெளிவு ஆகியவற்றைக் கேட்பவர் எதிர்பார்க்கிறார் என்றும் விளக்கினார். நன்னூலார் ஆசிரியருக்கும் நூலுக்கும் விதித்ததைக் கிரைஸ் தெருப்பேச்சுக்கும் பொருத்திப் பார்த்தார் எனலாம்.

பேச்சில் நேரமின்மை காரணம். ஊடகத்தில் அதே நோய் வேறு வடிவில் வருகிறது. தொலைக்காட்சி நேரலையில் அடிக்கடி கேட்கும் வாக்கியம் இது: 'தொடர்ந்து பெய்து வரக்கூடிய கனமழையால் பாதிக்கப்பட்டிருக்கக்கூடிய மக்கள், முகாம்களில் தங்கவைக்கப்பட்டிருக்கக்கூடிய சூழலைப் பார்க்க முடிகிறது.' சொல்ல வேண்டியது: தொடர் மழையால் பாதிக்கப்பட்ட மக்கள் முகாம்களில் தங்கியுள்ளனர். செய்தியாளர் கையில் எழுதிய தாள் இல்லை, காதில் அரங்கத்தின் குரல், எதிரே கேமரா. 'பெய்யும்' என்று சட்டென்று முடித்தால் அடுத்த பெயர்ச்சொல் உடனே வேண்டும். 'பெய்து வரக்கூடிய' என்று நீட்டினால் ஓரிரு நொடி கிடைக்கும். அவர் படும் பாடு புரிந்துகொள்ளத்தக்கது. ஆனால் இந்தச் சொல்லில் மட்டும் மொழிக்கு உண்மையான இழப்பு இருக்கிறது. 'கூடும்' என்பது நடக்கலாம், நடக்காமலும் போகலாம் என்ற ஐயத்தைக் குறிக்கும் சொல். 'இடியக்கூடிய கட்டடம்' என்றால் இன்னும் இடியவில்லை. கண்முன் நடந்து முடிந்ததற்கெல்லாம் 'கூடிய' சேர்த்தால், உறுதிக்கும் ஐயத்துக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்ல வைத்திருந்த ஒரு கருவி மழுங்கிப்போகும். புயல் எச்சரிக்கையில் அந்த வேறுபாடு உயிரைக் காக்கும் செய்தி.

அச்சு ஊடகத்தின் 'என்பது குறிப்பிடத்தக்கது' வேறு வகை. குறிப்பிடத் தகுந்தது என்பதால்தான் அது செய்தியில் வந்திருக்கிறது. அதை மறுபடி அறிவிக்கத் தேவையில்லை. 'பரபரப்பு நிலவியது', 'சோகத்தை ஏற்படுத்தியுள்ளது' ஆகியவையும் அப்படியே. ஒரு சொல்லை ஓயாமல் கேட்டால் பொருள் தற்காலிகமாகக் கரைந்துவிடுவதை லியோன் ஜேக்கோபோவிட்ஸ் 1962-இல் மெக்கில் பல்கலைக்கழக முனைவர் பட்ட ஆய்வில் விரிவாக ஆராய்ந்து, அதற்குப் பொருள் தெவிட்டல் என்ற கருத்தில் ஒரு பெயரும் தந்தார். 'குடம், குடம், குடம்' என்று முப்பது முறை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பவருக்கு, கடைசியில் மிஞ்சுவது வெறும் ஒலி. ஓர் ஊரின் சோகத்தைச் சொல்லும் வாக்கியம் அப்படிக் கரைந்துபோவது வருத்தத்துக்குரியது.

எரிச்சலின் அடுத்த பெருங்கூட்டம் நழுவற்சொற்கள். விண்ணப்பம் என்ன ஆயிற்று என்று ஓர் அலுவலகத்தில் கேட்பவருக்குக் கிடைக்கும் விடை, 'மேலே அனுப்பியாச்சு', 'பரிசீலனையில இருக்கு', 'ஆவன செய்யப்படும்'. தமிழ் வினைமுற்று இயல்பாகவே ஆளைக் காட்டும்: 'அனுப்பினேன்' என்றால் நான், 'அனுப்பினார்' என்றால் அவர். 'அனுப்பியாச்சு' என்பதில் அந்த விகுதி இல்லை. அனுப்பியவர் யார், எந்த நாளில், யாருக்கு என்பவை இலக்கணத்தாலேயே மறைந்துவிடுகின்றன. 'செய்யப்படும்' என்ற செயப்பாட்டு வினையும் அப்படியே. 'பார்க்கலாம்' என்பதில் உள்ள '-லாம்' யாருடைய பொறுப்பையும் சுட்டாது. இவற்றைக் கேட்பவர் எரிச்சலடைவது நியாயமானது. தன் வேலைக்கு ஓர் ஆள் பொறுப்பேற்றிருக்கிறாரா என்பதை அறிய வந்தவரிடம், ஆள் இல்லாத வாக்கியம் ஒன்று நீட்டப்படுகிறது. 'கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க' என்பதில் பொறுப்பு மறைவதற்குப் பதிலாக இடம் மாறுகிறது. குறை ஒருவருடையது, பொறுத்துக்கொள்ள வேண்டியவர் மற்றவர்.

அக்கறையாகச் சொன்ன சொல்லும் ஏன் குத்துகிறது என்பதற்கு, பெனலோப்பி பிரவுனும் ஸ்டீபன் லெவின்சனும் 1978-இல் முன்வைத்த மரியாதைக் கோட்பாடு விளக்கம் தருகிறது. அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட மூன்று மொழிகளில் ஒன்று தமிழ். கோயம்புத்தூர் வட்டாரக் கிராமம் ஒன்றில் லெவின்சன் திரட்டிய பேச்சு அந்த ஆய்வில் ஆங்கிலத்தோடும் மெக்சிகோவின் செல்தால் மொழியோடும் வைத்து ஆராயப்பட்டது. அவர்களது அடிப்படைக் கருத்து 'முகம்'. பிறர் தன்னை மதிக்க வேண்டும் என்ற விருப்பம் ஒரு பக்கம், தன் எல்லைக்குள் யாரும் நுழையக் கூடாது என்ற விருப்பம் மறுபக்கம். தமிழுக்கு இது புதிதல்ல; 'முகம் கொடுத்துப் பேசு', 'முகத்தில் அடித்த மாதிரி சொல்லிட்டார்' என்பவை அந்த முகத்தைத்தான் குறிக்கின்றன.

திருமணமாகி ஆறு மாதம் ஆன பெண்ணிடம் உறவினர் ஒருவர் 'விசேஷம் ஏதும் உண்டா?' என்கிறார். கேள்வி கேட்ட உறவினருக்கு அது பாசம். அந்தப் பெண்ணுக்கோ, மருத்துவரிடம் மட்டும் பேசக்கூடிய ஒன்று பந்தி நடுவில் பகிரங்கமாகிறது. 'இல்லை' என்றால் அடுத்த கேள்வி வரும். 'பிறகு சொல்றேன்' என்றால் ஊகம் வரும். மௌனத்துக்கும் விளக்கம் கற்பிக்கப்படும். 'என்ன, இப்படி இளைச்சுட்டே', 'உடம்பு போட்டுட்டே', 'இன்னும் வேலை கிடைக்கலையா', 'நான் அப்பவே சொன்னேன்ல' ஆகியவையும் எல்லை கடந்த அக்கறைகள். 'தப்பா நினைச்சுக்காதீங்க' என்ற முன்னுரை வந்தாலே கேட்பவர் உடம்பு விறைத்துக்கொள்வதற்கும் காரணம் உண்டு. தாக்கப்போவதை அறிவித்துவிட்டு, புண்படக் கூடாது என்ற கடமையையும் அவர் தலையிலேயே வைக்கிறது அந்தத் தொடர்.

பாராட்டும் இப்படிக் கெடலாம். காலை முதல் அடுப்படியில் நின்றவரிடம் 'சாப்பாடு பரவாயில்லை' என்று சொன்னவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். 'பரவாயில்லை' என்பது மன்னிப்புக்கு விடையாகும்போது இதமாக இருக்கிறது. மதிப்பீடாகும்போது, குறைந்தபட்சத்தைத் தாண்டியது என்ற அளவோடு நின்றுவிடுகிறது. ஒரே சொல் இடம் மாறினால் இப்படி என்றால், ஊர் மாறும்போது இன்னும் கவனம் வேண்டும். யாழ்ப்பாணத் தமிழில் 'நீ', 'நீர்', 'நீங்கள்' என்று மூன்று படிகள் உண்டு. 'நீர்' அங்கே சமமானவர்களுக்குள் புழங்கும் இயல்பான சொல். தமிழ்நாட்டில் அது பழைய நாடக வசனமாகவோ குத்தலாகவோ கேட்கும். இலங்கையில் 'கதைப்பது' என்றால் பேசுவது. தமிழ்நாட்டுக் காதுக்கு அது கதைவிடுவதன் பக்கத்தில் நிற்கிறது. இருவரும் நல்ல தமிழே பேசினாலும் ஒருவர் முகம் சுருங்கலாம்.

நம்மை நோக்கிச் சொல்லாத பேச்சும் உறுத்துவதுண்டு. பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரின் செல்பேசி உரையாடல் ஏன் இருவர் நேரில் பேசுவதைவிடத் தொல்லையாக இருக்கிறது என்பதற்கும் சோதனை உண்டு. 2010-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் லாரன் எம்பர்சனும் குழுவினரும், உரையாடலின் ஒரு பாதியை மட்டும் கேட்டவர்கள் கையிலிருந்த வேலையில் அதிகம் தவறியதைக் கண்டனர். 'ம்... சரி... அப்படியா... அதுக்கு அவன் என்ன சொன்னான்?' என்று மட்டும் கேட்கும் மூளை, கேட்காத பாதியை ஊகித்துக்கொண்டே இருக்கிறது. விரும்பாவிட்டாலும் அந்த ஊகத்தை நிறுத்த முடிவதில்லை.

கேட்பவரின் குணத்துக்கும் இதில் பங்கு உண்டு. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ராபின் குவீனும் ஜூலி போலந்தும் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், வீட்டைப் பகிர்ந்துகொள்ள ஆள் தேடும் விளம்பரத்துக்கு வந்த மின்னஞ்சல்களைப் படித்து, எழுதியவரை மதிப்பிடுமாறு பங்கேற்றவர்களிடம் சொன்னார்கள். சில மடல்களில் பிழைகள் வேண்டுமென்றே சேர்க்கப்பட்டிருந்தன. பிறரோடு எளிதில் ஒத்துப்போகாத இயல்புடையவர்கள் இலக்கணப் பிழைகளுக்காக எழுதியவரைக் கூடுதலாகக் குறைத்து மதிப்பிட்டனர். எரிச்சல் உடம்பிலும் பதிவாகிறது. பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் டாக்மார் டிவ்யாக் குழு, 41 பிரித்தானியர்களுக்குப் பிழைகள் கொண்ட ஆங்கிலப் பேச்சைக் கேட்கவைத்து இதயத் துடிப்பை அளந்தது. மனம் அமைதியாக இருக்கும்போது துடிப்புகளுக்கு இடையிலான கால அளவு சற்றே ஏறி இறங்கும். அழுத்தத்தில் அது சீராகிவிடும். பிழைகள் கூடக்கூட அவர்களது துடிப்பு சீரானது. மொழிப்பிழை கேட்டு நெஞ்சு படபடக்கிறது என்பவர் மிகைப்படுத்துவதாக எண்ண வேண்டியதில்லை.

ஒரு சொல் உறுத்த ஆரம்பித்தபின் அது எங்கும் கேட்பதாகத் தோன்றும். அமெரிக்க மொழியியலாளர் ஆர்னால்டு சுவிக்கி 2005-இல் இதில் இரண்டு மயக்கங்களைப் பிரித்துக் காட்டினார். ஒன்று, கவனித்த பிறகு அடிக்கடி வருவதாகத் தோன்றுவது. மற்றொன்று, தான் அண்மையில் கவனித்ததால் அந்தச் சொல்லே அண்மையில் வந்தது என்று நம்புவது. கடன்சொல் பற்றிய குறைகளில் இரண்டாவது மயக்கம் மிகுதி. 'ட்ரை பண்றேன்', 'லவ் பண்றேன்' என்னும் அமைப்பு நேற்றுப் பிறந்ததல்ல. தமிழ் வினைக்குக் காலமும் இடமும் காட்டும் விகுதிகள் வேண்டும். அயல்மொழி வினையில் அவை நேரே ஒட்டா. ஆகவே அயற்சொல்லைப் பெயர்போல் நிறுத்தி, 'பண்ணு' என்ற வினையின் மேல் விகுதிகளை ஏற்றுகிறது மொழி. 'பூஜை பண்ணு', 'தியானம் பண்ணு', 'யோசனை பண்ணு' என்று வடசொற்களை ஏற்றதும் இதே வழியில்தான். அமைப்பில் பழுதில்லை. வருந்த வேண்டிய இடம் வேறு: பிரிந்த பிள்ளையை நினைத்து 'மிஸ் பண்றேன்' என்று சொல்லப் பழகிய நாவில், 'பிள்ளையைத் தேடுது' என்ற தென்மாவட்டத்துச் சொல் வராமல் போகிறது. 'தேடுது' என்பதில் தேடுபவர் யார் என்று சொல்லப்படுவதில்லை. மனமே தன்போக்கில் தேடுகிறது. அந்த நுட்பம் கடன்சொல்லில் இல்லை.

சொற்களின் மேல் கோபம் கொண்டவர்களின் வரலாறும் நீண்டது. ஜோனதன் ஸ்விஃப்ட் 1710-இல் கும்பலைக் குறிக்கும் 'மாப்' என்ற ஆங்கிலக் குறுக்கச்சொல்லைக் கண்டித்து எழுதினார். பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1789-இல் அகராதி ஆசிரியர் நோவா வெப்ஸ்டருக்கு எழுதிய கடிதத்தில், 'நோட்டீஸ்', 'அட்வகேட்', 'புராகிரஸ்' ஆகிய பெயர்கள் வினையாகப் பயன்படுவதை நிறுத்த உதவுமாறு கேட்டார். அந்தச் சொற்கள் இன்று அப்படியே வழங்குகின்றன. அவற்றில் எவருக்கும் உறுத்தல் இல்லை.

தமிழில் உறுத்தல் ஓர் இயக்கமாக வளர்ந்து, மொழியையே மாற்றியது. வடசொல் மிகுந்த மணிப்பிரவாள நடையை வெறுத்த மறைமலை அடிகள் 1916-இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கி, வேதாசலம் என்ற தம் பெயரையும் மாற்றிக்கொண்டார். அப்போது மேடைகளில் 'அக்கிராசனர்' தலைமை வகித்தார், 'ஸ்ரீமான்' என்பது பெயருக்கு முன் நின்றது, தேர்தலில் 'அபேட்சகர்' போட்டியிட்டார், மணவீட்டிலிருந்து 'விவாக சுபமுகூர்த்தப் பத்திரிகை' வந்தது. அவற்றின் இடத்தில் தலைவர், திரு, வேட்பாளர், திருமண அழைப்பிதழ் ஆகியவை வந்து அமர்ந்தன. இன்று வாக்குச்சாவடிக்குச் செல்லும் முதல்முறை வாக்காளருக்கு 'வேட்பாளர்' என்பதில் புதுமை எதுவும் தெரியாது. 'அபேட்சகர்' என்று பழைய நாளிதழில் படித்தால்தான் அகராதியைப் புரட்ட வேண்டியிருக்கும்.